பாதிக் கிணறு

எங்கள் கிணற்றில் பாதிதான் எங்களுடையது. மற்றப் பாதி மதிலுக்கு அந்தப் பக்கம், சிவக்கொழுந்து அக்காவுடையது. கிணற்று வாயின் நடுவே குறுக்காக ஒரு கொங்கிறீற்றுத் தீராந்தியைப் போட்டு, அதன்மேல் மதிலைக் கட்டியிருக்கிறார்கள். கீழே தண்ணீருக்கு மதில் கிடையாது, மேலே நிற்கிற மனிசருக்குத்தான். என் மாமனாரும் அக்காவின் மாமனாரும் எல்லை வழக்கென்று கோடேறி இறங்கி, இரண்டு பேரும் வெல்லாமல் கடைசியில் கண்டுபிடித்த சமாதானம் அது. நாலு விரற்கடை நிலத்துக்குக் கூடப்பிறந்தவர்களே முகம் பார்க்காத ஊரில் இதை யாரும் அதிசயமாக நினைத்ததில்லை. உடுவிலிலிருந்து கல்யாணம் முடித்து இங்கே வந்த அன்று நானும் பார்த்தேன். வாளியை விட்டேன், அள்ளினேன், முகம் கழுவினேன். அவ்வளவுதான்.

எங்கள் வாசற்படலை ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருக்கிறது. அவர்களுடையது கொழும்புத்துறை வீதியில். முன்பக்கத்தால் போவதென்றால் சுற்றி வளைத்துப் போகவேண்டும், அதனால் இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம்தான் உண்மையான முன்பக்கம். அந்தப் பக்கத்துக் கப்பிக்கு ஒரு கீச்சு உண்டு, இரும்பு கறள் பிடித்த கீச்சு. அது கேட்டால் அக்கா கிணற்றடிக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு குரல் வரும்.

“மலர், நிக்கிறியோ?”

“ஓம் அக்கா, நிக்கிறன்.”

முப்பது வருசத்துக்கு மேலாக இதுதான் எங்கள் வணக்கம். அக்கா நீர்வேலியில் பிறந்தவர், வாழைப்பழத்துக்குக் குறைவில்லை. வாளியில் வைத்து இறக்கி, தீராந்திக்குக் கீழால் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டால் நான் கொக்கத்தடியால் கயிற்றைக் கொளுவிப் பிடிப்பேன். பொங்கலுக்குப் புக்கை அப்படித்தான் வரும், நத்தாருக்கு என் கேக்கும் அப்படித்தான் போகும். ஒருமுறை கேக் கிணற்றுக்குள் விழுந்தது. “மீனுகளுக்கும் நத்தார் தானே” என்று அந்தப் பக்கம் சிரித்தார் அக்கா.

முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததை மதிலைப் பார்த்துச் சொல்லலாம். எனக்கு வயிற்றில் பிள்ளை தங்காமல் போனதை நான் முதலில் சொன்னது என் மனிசன் நோர்மனுக்கு அல்ல, அந்த மதிலுக்கு. அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் வாளியால் தண்ணீரை அள்ளுவதும், அதைத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றுவதுமாக நின்றார், நான் அழுது முடிக்கும்வரை. நிற்கிறேன் என்று சொல்ல அது போதுமாக இருந்தது. தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்து, அடுத்த வருசம் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடுமில்லை, கதவுமில்லை. விறாந்தையில் விளக்குமாற்றோடு நின்று எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் கப்பி கீச்சிட்டது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நம்பினேன்.

போன வருசம் அக்காவின் மகன் ஜெயரூபன் கனடாவிலிருந்து வந்து நின்றபோது, கிணற்றை மூடிவிட்டுக் குழாய்க்கிணறு அடிக்கப்போவதாகச் சொன்னான். பாதிக் கிணற்றை மூட முடியாது. மூடினால் முழுசாகத்தான் மூடவேண்டும், அதற்கு எங்கள் சம்மதமும் வேண்டும். நோர்மன் தலையை ஆட்டத் தயாராக இருந்தார். யார் வந்து எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிற மனிசன், என்னைத் தவிர. நான் கத்திய கத்தில் அந்தப் பேச்சு தள்ளிப்போனது, நிற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜெயனி வந்தாள். சனிக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள் நடக்கிற பிள்ளை. கஸ்தூரியார் வீதியில் பலகைக் கதவுக் கடை, சந்தியில் கவனிப்பாரில்லாத தபால்பெட்டி, பழைய சலூன் கதிரை என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாளாம். இன்றைக்குக் காட்டியது அடுத்த மாசம் இருக்காதாம். கோயில் ஆராதனை முடிந்து வெளியே வந்த நோர்மன் அவளைக் கண்டு, “எங்கடை கிணத்தை ஒருக்கா வந்து பாருங்கோவன் பிள்ளை” என்றிருக்கிறார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டின கதை.

அவள் கிணற்றைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. கிணற்றுக்கட்டில் என் உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

“அன்ரி, இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு உங்களுக்கு விளங்கேல்லை.”

“கிணறு பிள்ளை. தண்ணி அள்ளுறது.”

“இல்லை அன்ரி, உந்த மதில்! சண்டை பிடிச்ச ரெண்டு குடும்பம் ஒரே ஊத்திலை குடிச்சிருக்கு. இது தான் அன்ரி எங்கடை நகரம்.”

அவள் நல்ல பிள்ளை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் எடுத்து இணையத்தில் போட்ட படங்களை ரொறன்ரோவில் யாரோ ஜெயரூபனுக்கு அனுப்ப, உன் வீட்டுக் கிணறா என்று நாலு பேர் கேட்க, அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கிணற்றை மூடும் கதை அதோடு முடிந்தது. கிணறு தப்பியது ஜெயனியால். அவளைத் திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது. அதுதான் என் கரைச்சல்.

சனிக்கிழமைதோறும் சனம் வந்தது. பிறகு மற்ற நாளும் வந்தது. நோர்மன் காலையிலேயே சேட்டு மாற்றி, தலையை வாரி, விறாந்தையில் குந்தியிருப்பார். “இது ஒல்லாந்தர் காலத்திலை வெட்டினது” என்று தொடங்குவார்.

“வெட்டினது உங்கடை அப்பா தானே?” என்று ஒருநாள் குசினிக்குள் வைத்துக் கேட்டேன்.

“சனம் ஒல்லாந்தரைத் தான் விரும்புது, மலர். அப்பாவை ஆருக்குத் தெரியும்?”

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அக்கா வழமைபோலக் கூப்பிட்டார். “ஓம் அக்கா, நிக்கிறன்” என்றேன். அந்தப் பக்கத்து வாளி இறங்கி ஏறியது. பிறகு, “மலர், உன்னட்டை ஒண்டு கேக்கவேணும்” என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். புருசன் செத்த கிழமை அந்தக் குரலில்தான் கதைத்தார். நான் கையிலிருந்த உடுப்பை வைத்துவிட்டு மதிலுக்குக் கிட்டப் போனேன். அதற்குள் நோர்மன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்துவிட்டார், ஒல்லாந்தர் கதையோடு.

“ஆக்கள் நிக்கினம் போலை” என்றார் அக்கா. “பேந்து கதைப்பம்.”

அந்தப் பேந்து வரவில்லை. மறுநாளே ஜெயனியின் கூட்டத்துப் பெடியள் கிணற்றை அழகுபடுத்த இறங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை அடித்தார்கள். என் நீல நிற பிளாஸ்ரிக் வாளி படத்தில் வடிவில்லை என்று குளியலறைக்குள் போய்விட்டது, அதன் இடத்தில் பனையோலைப் பட்டை ஒன்று தொங்கியது. எங்கள் வீட்டில் அதில் தண்ணீர் அள்ளினவர்கள் யாரும் உயிரோடில்லை. கடைசியாக, இரண்டு கப்பிகளின் கறளையும் சுரண்டி, கிறீஸ் பூசி, கறுப்புப் பெயின்ற் அடித்தார்கள். எண்ணெயில் விட்ட மாதிரிச் சுழன்றன.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அக்கா வந்தாரா, நின்றாரா, போனாரா, எனக்குத் தெரியாது. அவருக்கும் அப்படித்தான். குரல் கொடுத்துப் பார்த்திருப்பார், நான் குசினியில் இருந்திருப்பேன். நான் குரல் கொடுத்தபோது அவர் படுத்திருப்பார். கீச்சு ஒன்று இருந்தவரை யாரும் யாரையும் தேடவேண்டியிருக்கவில்லை.

தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். அக்காவுக்கு அதில் ஒன்றும் காதில் விழாது. கனடாவிலிருந்து திரும்பவும் வந்து நின்ற மகன் உடனே வாங்கி எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவிடுவான். கடைசியில் முழங்கால் நோவோடு ஒருநாள் வீதியால் சுற்றி முன்பக்கமாகப் போனேன். ஹோலில் இருத்தினார்கள். நல்ல கோப்பையில் தேத்தண்ணி வந்தது, தட்டில் பிஸ்கட் வந்தது.

“சுகமோ மலர்?”

“சுகம் அக்கா. உங்களுக்கு?”

“ஏதோ இருக்கிறன்.”

முப்பது வருசம் கதைத்த இரண்டு பேர் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருக்கிற முன்பின் தெரியாதவர்கள் மாதிரி இருந்தோம். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அக்காவின் கண்ணை எடுத்துக்கொண்டிருந்தது. நான் இருந்த கதிரைக்குப் பக்கத்துக் கதிரையைப் பார்த்துச் சிரித்தார். ஜெயரூபன்தான் விசயத்தை உடைத்தான்.

“அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப்போறன் அன்ரி. இனி இஞ்சை தனிய விடேலாது. விடியக் காலமை ஊசி போட ஆளில்லை, போன மாசம் கிணத்தடியிலை விழுந்தும் போனா. எல்லாம் சரி, அவ ஓம் எண்டு தான் சொல்லவேணும்.”

அக்கா பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அன்று மதிலடியில் அக்கா என்ன கேட்க நினைத்தார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என் பதிலும் தயாராக இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனை பேருக்கு ஊசி போட்டிருப்பேன், அக்காவுக்குப் போட மாட்டேனா? சோறு எங்கள் வீட்டுப் பானையில் இன்னும் ஒரு பிடி கூட வேகும். மதிலை உடைத்து ஒரு சின்னக் கதவு வைத்தால் முழங்கால் நோவோடும் நாளுக்கு நாலுதரம் போய்வரலாம். நோர்மனிடம் சொன்னேன்.

“அக்காவைப் பாக்கிறதுக்கு நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. ஆனா மதிலிலை கை வைச்சால் ஜெயனி விடுவாளோ?” என்றார்.

ஜெயனியைக் கேட்டேன். அவள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தாள். “ஐயோ அன்ரி, அந்த மதில் தானே விசயமே.”

கிடக்கட்டும், கதவை வைக்காவிட்டால் வீதியால் நடப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் மதிலடியில் தனியாக ஒரு கொஞ்ச நேரம். “இருங்கோ அக்கா” என்ற இரண்டு சொல்லுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்தக் கொஞ்ச நேரம் கிடைக்காமல் கிழமை ஓடியது. எனக்கு அலுத்துப்போயிற்று. சொந்தக் கிணற்றடியில் ஒருத்திக்குத் தனியாக நிற்க இடமில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை. பெரிய கூட்டம், கொழும்பிலிருந்தும் ஆட்கள். நோர்மன் கெஞ்சியபடியால் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டோடு நின்றேன், படத்துக்கு. நோர்மனின் கதையில் ஒல்லாந்தர் வந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மலர், நிக்கிறியோ?”

சட்டென்று எல்லாரும் வாயை மூடினார்கள். மூடாமல் இருந்திருந்தால் அக்காவுக்கு ஆட்கள் நிற்பது தெரிந்திருக்கும். மரியாதை தெரிந்த சனம், மூச்சுக்கூட விடவில்லை. கைத்தொலைபேசிகள் மட்டும் மேலே எழும்பின.

“ஓம் அக்கா, நிக்கிறன்.”

“இண்டைக்கு எண்டாலும் நிக்கிறாயே, அப்பாடா. இஞ்சை பார், ரூபன் பின்னேரத்துக்குள்ளை மறுமொழி கேக்கிறான். மலரைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன் எண்டனான். எனக்கு அங்கை போக விருப்பமில்லையடி. இஞ்சை இருந்து ஆருக்கும் பாரமாக் கிடக்கவும் விருப்பமில்லை. நீ சொல்லு. நான் போகவோ, இருக்கவோ?”

ஆட்கள் நிற்கிறார்கள் அக்கா, பேந்து கதைப்பம் என்று சொல்லியிருக்கலாம். அன்றிரவு முழுக்க அதைத்தான் நினைத்தேன். அந்த நேரத்தில் வரவில்லை. வாரிய தலையோடு நோர்மன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயனியின் கண் கலங்கியிருந்தது. எனக்கு முன்னால் அத்தனை முகங்கள், அத்தனை தொலைபேசிகள். வாயைத் திறந்தேன். வந்தது கிணற்றடிக் குரல் இல்லை, ஹோலில் பிஸ்கட் தட்டுக்கு முன்னால் இருந்து கதைக்கிற குரல்.

“என்னக்கா உது கேள்வி? பெத்த பிள்ளை ஆசையாக் கூப்பிடேக்கை போகத்தானே வேணும்.”

அந்தப் பக்கம் கயிறு உரசியது. பிறகு தண்ணீரில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. அக்கா அள்ளினார். அள்ளியதைத் திரும்பக் கிணற்றுக்குள் ஊற்றினார்.

“சரியடி பிள்ளை. அப்ப போறன்.”

சனம் கைதட்டியது. யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு மதிலுக்கு மேலால் ஏறிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் கைதட்டு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். முப்பது வருசம் மதிலை நம்பிய மனிசி, என்ன நினைத்திருப்பார்?

பின்னேரமே ஓடினேன், ஓடினேன் என்றால் நொண்டினேன். வீடு நிறையச் சொந்தக்காரர். படலையிலேயே ஜெயரூபன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்கள் சொன்னபடியாத் தான் அம்மா ஓமெண்டவ. வாழ்நாளிலை மறக்கமாட்டன் அன்ரி.” அவன் கண்ணில் தண்ணீர். அதற்கு முன்னால் நின்று நான் என்ன சொல்ல? அக்கா ஹோலில் நடுக் கதிரையில் இருந்தார். கிட்டப் போய்க் கையைத் தொட்டேன். குனிந்து, ஆட்கள் நிற்கிறது உங்களுக்குத் தெரியாது அக்கா என்று தொடங்கினேன்.

“தெரியும், கை தட்டேக்கை தெரிஞ்சுது” என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். “பரவாயில்லை மலர். வடிவாத் தான் சொன்னாய்.”

பகிடியாகச் சொன்னாரா, மன்னித்துச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவருடைய முகத்தைப் படித்து எனக்குப் பழக்கமில்லை. அடுத்த மாசம் போய்விட்டார்.

வீட்டை ஜெயரூபன் விற்கவில்லை, திறப்புச் சாவியை ஜெயனியிடம் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது சனம் இரண்டு பக்கத்தாலும் வந்து பார்க்கிறது. கிணறு நல்லாயிருக்கிறது, முன்னெப்போதும் இவ்வளவு நல்லாயிருந்ததில்லை. அன்றைக்கு எடுத்த வீடியோப் படத்தை உலகம் முழுக்கப் பார்த்துவிட்டார்களாம். வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதையைக் கேட்கத்தான் வருகிறார்களாம். ஜெயனி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அன்ரி, குறை நினையாதேங்கோ. மற்றப் பக்கத்திலை நான் நிண்டு கூப்பிடுறன். நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்.”

மாட்டேன் என்றேன். அடுத்த கிழமையும் கேட்டாள், மாட்டேன் என்றேன். நோர்மன் மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் அதையே கறியாக வைத்தார். மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு சத்து வேண்டும் அல்லவா? ஒருநாள் அது தீர்ந்துபோயிற்று. சரி, நிற்கிறேன் என்றேன்.

சத்தம் இல்லாமல் களை இல்லை என்று அவர்கள் அந்தப் பக்கத்துக் கப்பியின் கிறீஸைக் கழுவி, இரண்டு மழைக்கு நனையவிட்டுத் திரும்பக் கறள் பிடிக்க வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. சனிக்கிழமை நான் பட்டையோடு நின்றபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பழைய கீச்சு கேட்டது. பட்டையை விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“மலர், நிக்கிறியோ?”

ஜெயனிதான். படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்து அந்த இழுவையை அப்படியே பழகியிருந்தாள். ஜெயனி என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

“ஓம் அக்கா, நிக்கிறன்.”

“நான் போகவோ, இருக்கவோ?”

“இருங்கோ அக்கா” என்றேன். “போகாதேங்கோ. அண்டைக்குச் சனம் நிண்டது, அதாலை அப்பிடிச் சொல்லிப்போட்டன். விடிய விடிய நான் வந்து ஊசி போடுறன். சோறு எங்கடை வீட்டிலை. உந்த மதிலை உடைச்சு ஒரு கதவு வைப்பம், ஆர் கத்தினாலும் கத்தட்டும். எனக்கு வேறை ஆர் அக்கா இருக்கினம்?”

நோர்மன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அந்தப் பக்கம் நின்ற ஜெயனிக்கு இதற்குப் பதில் அந்தப் படத்தில் இல்லை.

பிறகு சனம் கைதட்டியது, போனமுறையை விடப் பலமாக. நான் அது ஓயும்வரை தலையைக் குனிந்து, மதிலோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் ஒருவரும் தண்ணீர் அள்ளி ஊற்றவில்லை.